வெறும் வயிறு

குடித்துவிட்டான். வைத்து வைத்துக் குடிக்கக் கூடாது, ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டும் என்று ரத்தம் எடுக்கிற பெண் ஜெசிந்தா சொல்லியிருந்தாள். குணசீலன் சொன்னால் சொன்னபடி செய்கிற ஆள், லால்குடியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி விசில் ஊதுகிற உடற்பயிற்சி வாத்தியார், அதனால் தம்ளரின் அடியில் கரையாமல் தங்கிவிட்ட குளுக்கோஸைக்கூட விடாமல் தட்டித் தட்டி வாய்க்குள் சாய்த்துக்கொண்டான். எலுமிச்சை பிழிந்து கொடுத்தும் திகட்டியது. இனி இரண்டு மணி நேரம் இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், நடமாடக் கூடாது, எதையும் தின்னக் கூடாது, அப்புறம் இரண்டாம் தடவை ரத்தம் எடுத்து, உள்ளே போன சர்க்கரையை உடம்பு எப்படிச் சமாளித்திருக்கிறது என்று பார்ப்பார்கள். முதல் ரத்தம் எடுத்தாகிவிட்டது. அது வெறும் வயிற்று ரத்தம். வெறும் வயிறு என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தபோதே அவனுக்குக் காது மடல் சூடானது. வெறும் வயிறாவது ஒன்றாவது. விடியற்காலையில் அடுப்படி இருட்டில் நின்றுகொண்டு மூன்று ஜாங்கிரியைத் தின்றுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, வாசனை வராமலிருக்க இரண்டு முறை பல் துலக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற வயிறு அது. ரத்தம் எடுக்கும்போது இந்த ஜெசிந்தா முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கிக்கொண்டே என்ன சொன்னாள்? "இங்க வர்றதெல்லாம் புருஷனுக்குக் கிட்னி குடுக்க வர்ற பொம்பளைங்கதான் சார். பொண்டாட்டிக்குக் குடுக்கறேன்னு வந்த ஆம்பளைய நான் பாத்ததே இல்ல. அக்கா குடுத்து வெச்சவங்க." பஞ்சால் துடைத்தாள், நரம்பை விரலால் தட்டினாள், ஊசி இறங்கிய இடத்தில் எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது, கண்ணாடிக் குழாயில் ரத்தம் கறுப்பாக ஏறியது. அவனோ சிரித்துக்கொண்டு, "நம்ம கடமைதானம்மா" என்றான். எந்த வாயால் சொன்னான்? ஜாங்கிரி தின்ற அதே வாயால்தான் சொன்னான்.

பக்கத்து நாற்காலியில் மனைவி அரசி உட்கார்ந்திருந்தாள். மங்கையர்க்கரசி என்று முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இந்த ஆஸ்பத்திரியில் மட்டும்தான். அவன் குடிக்கும்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது குடித்து முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கண்ணெடுக்காமல் பார்த்தாள், தொண்டைக் குழி ஏறி இறங்குவதைப் பார்த்தாள், அவள் தொண்டையும் கூடவே ஒருமுறை ஏறி இறங்கியது. அவளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. சாம்பாரும் அந்தக் கணக்கில் சேரும், மாத்திரை போடுகிற மடக்கும் சேரும். மீறிக் குடித்தால் கால் வீங்கும், மூச்சு முட்டும், ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினில் அன்றைக்கு உடம்பு தாங்காது. தாகம் எடுத்தால் ஒரு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொள்வாள். இப்போதும் கைப்பையைத் துழாவி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ரொம்பத் தித்திப்பா இருந்துச்சா?" என்று கேட்டாள். "ஆமா" என்றான். "எலுமிச்சம்பழம் போட்டாங்களே" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவளுடைய இடது கை மடியில் கிடந்தது, மெஷின் ஊசி ஏற்றுவதற்காக நரம்பை அறுத்து இன்னொரு நரம்போடு சேர்த்துத் தைத்த கை. அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே மோட்டார் ஓடுகிற மாதிரி விர்ரென்று அதிரும். ராத்திரி தூக்கத்தில் அந்தக் கை அவன்மேல் விழுந்தால் அவன் மெதுவாக எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிடுவான். அவளுக்கு வலிக்கும் என்பதற்காக எடுப்பதாகத்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அங்கே வலிப்பதே இல்லை என்று அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள். அவனுக்கு அந்த அதிர்வு ஆகாது, அதுதான் விஷயம். ரத்தம் இவ்வளவு வேகமாக ஓடுகிறது, எங்கேயாவது நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று கையெல்லாம் சில்லிட்டுவிடும்.

ஜாங்கிரி எதிர்வீட்டுக்காரர் மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கொடுத்தது. அரசிக்கு ஆகாது, மகள் சுடர் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள், ஆக அவன்தான் தின்ன வேண்டும். ஆனால் இன்றைக்கு ஆரம்பித்த தீனி இல்லை இது. போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்து மிட்டாய்க் கடையில் நின்றான், மறுநாளும் நின்றான், அல்வாவை வாழையிலையில் வாங்கி வழித்துத் தின்றான், கடைக்காரர் "சாருக்கு திடீர்னு இனிப்பு மேல ஆசை வந்துருச்சு" என்று சிரித்தார். சர்க்கரை தின்றால் சர்க்கரை வியாதி வந்துவிடும் என்று பள்ளிப் பிள்ளைகூட இன்று நம்பாது, ஆனாலும் தின்றான். முதல் நாளே பெரிய டாக்டர் சொல்லியிருந்தார் அல்லவா, "சர்க்கரை இருக்கறவங்ககிட்ட மட்டும் எடுக்கவே மாட்டோம்" என்று. அந்த வாக்கியம் மட்டும் அவன் காதில் தங்கிவிட்டது, மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. ஒவ்வொரு பரிசோதனையாக நடந்தது. ஸ்கேன் எடுக்க மூத்திரம் முட்டும்வரை தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், வயிற்றில் குளுகுளுவென்று எதையோ தடவி அந்தக் கருவியால் அழுத்தித் தேய்த்தபோது, முட்டுகிற அவஸ்தையிலும் அவன் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான், கல் ஏதாவது இருக்கக் கூடாதா, கடுகளவு ஒரு கல். "சூப்பரா இருக்கு, ரெண்டும் சின்னப் பையன் கிட்னி மாதிரி இருக்கு" என்றார் டாக்டர். நெஞ்சிலும் கணுக்காலிலும் கிளிப் மாட்டி ஈசிஜி எடுத்தார்கள், படபடவென்று அடித்த அந்த நெஞ்சு காகிதத்தில் மட்டும் கோடு பிசகாமல் வந்தது. ஒரு முழு நாள் மூத்திரத்தைப் பெரிய கேனில் சேர்த்துவைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். கேனைத் துணிப்பையில் வைத்து மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், "என்ன தம்பி, நல்லெண்ணெயா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்றைக்கு அதுதான் உலகத்திலேயே பெரிய வெட்கம் என்று நினைத்தான். அதெல்லாம் ஒரு வெட்கமா? கேனிலிருந்து கொஞ்சம் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீர் கலந்தால் கணக்குத் தப்பிவிடுமோ என்று யோசித்தானே, அதைச் சொல்ல வேண்டும்.

சரி, பயம். மனுஷனுக்குப் பயம் வரக் கூடாதா? வரலாம். விலாவுக்குக் கீழே அறுப்பார்கள், மயக்க மருந்து கொடுப்பார்கள், எண்ணச் சொல்வார்கள், எண்ணிக்கொண்டே போகும்போது எந்த எண்ணோடு நின்றோம் என்று எழுந்திருக்காமலே போனவனுக்கு எப்படித் தெரியும்? இதை நினைத்தால் அவனுக்கு உள்ளங்கால் வியர்க்கிறது. ஆனால் பயத்தைச் சொல்லவும் வழி வைத்திருந்தார்களே இந்த ஆஸ்பத்திரிக்காரர்கள், அதுதான் குடைகிறது. மனநல டாக்டரம்மா, அரசியை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார். "யாராவது வற்புறுத்துறாங்களா? உங்களுக்கே மனசுல கொஞ்சம் தயக்கம் இருக்கா? இருந்தா எங்கிட்ட சொல்லுங்க. மருத்துவக் காரணத்தால ஒத்து வரலன்னு நாங்களே சொல்லிடுவோம். உங்க மனைவிக்குக்கூட தெரியாது." அதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வழி விட வேண்டும்? "ஐயோ, முழு மனசோட குடுக்கறேன் மேடம், அவளுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்துவிட்டான். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது. அவர் கண் கலங்கியதில் அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. கொடுக்கவும் கூடாது, கொடுக்க மாட்டேன் என்று சொன்னவன் ஆகவும் கூடாது. வாய் சரி சொல்ல வேண்டும், உடம்பு வேண்டாம் சொல்ல வேண்டும். உடம்போ வாயை நம்பி ஒவ்வொரு பரிசோதனையிலும் பாஸாகிக்கொண்டே இருந்தது.

பூபாலன் முகம் வந்தது. அரசியின் தம்பி. முதலில் கேட்டது அவனிடம்தான். வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குப் பயமா இருக்கு மாமா, என்னால முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான் சொன்னான், வேறு சாக்கு எதுவும் சொல்லவில்லை. அதற்கு இந்தக் குணசீலன் எத்தனை பேச்சுப் பேசினான். தெருவில் நிறுத்தி வைத்து, கூடப் பிறந்தவளுக்கு இல்லாத உடம்பை வைத்துக்கொண்டு நீயெல்லாம் ஏன்டா மீசை வைத்திருக்கிறாய் என்றான். பூபாலன் அழுதுகொண்டே வண்டியை எடுத்தான். ஓட்டப்பந்தயத்தன்று காலையில் வயிற்று வலி சார், கால் சுளுக்கு சார் என்று வந்து நிற்கிற பிள்ளைகளை ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவான் அவன், "ஓடத் தெரியாதவன்கூடப் பரவாயில்லடா, பொய் சொல்றவன் என் கண்ணு முன்னாடி நிக்காத" என்பான். இப்போது யார் முன்னாடி யார் நிற்பது? இதோடு நின்றதா மனசு? நிற்கவில்லை. ஒருவேளை கிட்னி கொடுத்தும் அவளுக்கு ஒட்டாமல் போய்விட்டால் இரண்டு பேர் உடம்பும் வீண்தானே என்றது. அது யோசனை என்றே வைத்துக்கொள்வோம். பிறகு, கணக்கு வாத்தியார் ஒருவருக்கு மனைவி தவறிப்போய் அடுத்த வருஷமே வேறு கல்யாணம் நடந்தது, இப்போது மனுஷன் நன்றாகத்தான் இருக்கிறார் என்று ஞாபகப்படுத்தியது. யாரும் கேட்காமல் அதுவாக ஞாபகப்படுத்தியது. அவன் தலையை உதறினான். சீ என்று உரக்கச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. அரசி திரும்பி, "என்னங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, தித்திப்பு குமட்டுது" என்றான். "மூச்ச நல்லா இழுத்து விடுங்க. வாந்தி எடுத்துட்டா மறுபடி மொதல்லேருந்து எடுக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு" என்றாள் அரசி. வாயில் இருந்த ஏலக்காயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

எதிர்ச் சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடியது. யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எக்ஸ்ரே அறைக்குள் சட்டையைக் கழற்றிக்கொண்டே போனார், மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, விடுங்க என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்த மூச்சை இவனும் பிடித்தான், இவனும் விட்டான். அப்போதுதான் ஜெசிந்தா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள். நேராக அவனிடம்தான் வந்தாள். "சார், வெறும் வயித்து ரிசல்ட் வந்துருச்சு. சர்க்கரை கொஞ்சம் கூடுதலா இருக்கு" என்றாள். முகத்தில் சந்தேகம் ஒன்றும் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா? காபி, பிஸ்கட்டு, ஏதாவது? சாப்பிட்டிருந்தா சொல்லிடுங்க சார், நாளைக்கு எடுத்துக்கலாம். சாப்பிடலன்னா இதையே டாக்டருக்கு அனுப்பிடுவேன். அனுப்பிட்டா…" என்று அரசியைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டாள். இதற்காகத்தானே ஒரு வாரமாகத் தவம் கிடந்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டாக்டரே கையைப் பிடித்து வருத்தம் தெரிவிப்பார், ஊரில் எல்லாரும் பாவம் குணசீலன், கொடுக்கத்தான் நினைத்தார், உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். எத்தனையோ பொய்யைத் தடங்கலில்லாமல் சொன்ன நாக்கு இந்த ஒன்றுக்குப் போய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"ஒண்ணும் சாப்பிடலம்மா" என்றாள் அரசி.

சாதாரணமாகத்தான் சொன்னாள், பஸ் எப்போது என்று கேட்டால் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். "ராத்திரி இட்லி சாப்பிட்டதுதான். நான் விடிய விடிய முழிச்சுத்தான் கெடந்தேன். பச்சைத் தண்ணி பல்லுல படல." ஜெசிந்தா பெருமூச்சு விட்டு, "சரிக்கா, ரெண்டாவது ரத்தத்தையும் பாத்துட்டு ஒண்ணா அனுப்பறேன்" என்று உள்ளே போனாள். விடிய விடிய முழித்துத்தான் கிடந்தாள். ஆமாம், முழித்துத்தான் கிடப்பாள், ராத்திரியெல்லாம் அவளுக்கு உடம்பு அரிக்கும், சொறிந்துகொண்டே சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள், இது அவனுக்குத் தெரியாதா? அட்டைப்பெட்டி மூடி பிரிகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். தண்ணீர்ப் பானை மூடியும் கேட்டிருக்கும். இரண்டு முறை பல் துலக்கியதும் கேட்டிருக்கும். கேட்டுவிட்டு எழுந்து, குளித்து, தலை வாரி, அவனோடு பஸ் ஏறி வந்திருக்கிறாள், அவன் ஊசிக்குக் கை நீட்டியபோது சட்டைக் கையை மடித்துவிட்டிருக்கிறாள். எப்போதிலிருந்து தெரியும்? கேன் தூக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்தா? ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "பயமா இருந்தா வேணாங்க, மெஷினே இருக்கட்டும்" என்றாள். அன்றைக்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, "என்னை என்னன்னு நெனச்ச" என்று கத்தினான். அவள் சிந்திய சோற்றைத் துடைத்தாள். சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொல்ல வைக்கப் பார்த்திருக்கிறாள், இவன் கத்தியதால் விட்டுவிட்டாள், இப்போது இவன் சொல்ல வேண்டிய பொய்யையும் தன் வாயால் சொல்லிவிட்டாள். "அரசி" என்றான். குரல் வெளியே வந்ததா என்றே தெரியவில்லை. அவள் திரும்பவில்லை. "பேசாம உக்காருங்க. நடமாடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல" என்றாள்.

உட்கார்ந்திருந்தான். அந்த மீதி நேரம் முழுக்க அவளுடைய முகத்தைப் பார்க்காமல் அவளுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கால் வீக்கத்துக்காக வாங்கிய அகலச் செருப்பு, அதற்குள்ளும் பாதம் பிதுங்கித்தான் இருந்தது. வாந்தி வந்தால் நன்றாக இருக்கும் என்று பட்டது, வாந்தி எடுத்தால் பரிசோதனையே செல்லாது, யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அதையும் உடம்புதான் செய்து தர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம் பார் என்று தன்னைத்தானே காறித் துப்பிக்கொண்டான். உள்ளே கூப்பிட்டார்கள். ஜெசிந்தா மறு கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள், கையை மூடச் சொன்னாள், நரம்பு உடனே புடைத்தது, எப்போதும் உடனே புடைக்கிற நல்ல நரம்பு. ஊசியின் உறையைக் கழற்றினாள்.

"நான் காலைல சாப்பிட்டேம்மா" என்றான்.

ஊசி அப்படியே நின்றது. "மறந்து சாப்பிட்டுட்டீங்களா சார்? பரவால்ல, நெறைய பேரு அப்படித்தான், பழக்கத்துல காபிய எடுத்துக் குடிச்சிருவாங்க" என்றாள். நல்ல பெண். இவளும் கதவைத் திறந்துவிடுகிறாள். ஆமாம் மறந்துவிட்டேன் என்று அந்த வழியாகவும் நழுவிவிடலாம். அவனுக்குள்ளே ஒருவன் நழுவிவிட அதற்குள் எழுந்தே நின்றுவிட்டான்.

"மறக்கலம்மா. தெரிஞ்சுதான் சாப்பிட்டேன்."

அவள் அவனைப் பார்த்தாள். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அந்த முகத்திலிருந்து மரியாதை வடிவதை அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தான். ஊசியை மூடித் தட்டில் வைத்தாள், ரப்பர் பட்டையை அவிழ்த்தாள். "நாளைக்குக் காலைல வாங்க" என்றாள். சார் என்று சேர்க்கவில்லை. சட்டைக் கையை அவனே இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

"முடிஞ்சுதா?" என்று அரசி எழுந்தாள். "நாளைக்கு மறுபடியும் வரணும். சொல்லிட்டேன்" என்றான். அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்தின் கதவைப் பார்த்தாள். மெச்சுவாள் என்று எதிர்பார்த்தானா என்ன? கொஞ்சம் எதிர்பார்த்தான். "அப்ப நான் சொன்னது பொய்யின்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் அரசி. முகம் சிவந்துபோயிருந்தது. "நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இங்க வருவேன்?" தன் மானத்தைக் கழுவிக்கொள்ளப் போய் அந்த அழுக்குத் தண்ணீரை அவள்மேல் கொட்டிவிட்டு வந்திருக்கிறான், இது அவள் சொல்லித்தான் அவனுக்குத் தெரிகிறது. "நீ வர வேணாம், நான் மட்டும் வர்றேன்" என்றான். "தனியா விட்டா எதையாவது தின்னுட்டு வருவீங்க" என்றாள். கோபமா கிண்டலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மாடிப்படி தொடங்குகிற இடத்துக்கு வந்தார்கள். நாளைக்கு நிஜமாகவே வெறும் வயிறாக வர வேண்டும், ராத்திரி இட்லியோடு சரி, ஜாங்கிரி மிச்சத்தை எதிர்வீட்டிலேயே கொடுத்துவிட வேண்டும், பூபாலனுக்கு ஒரு போன் போட வேண்டும் என்றெல்லாம் நல்லபடியாக யோசித்துக்கொண்டு வந்த மனசு, முதல் படியில் கால் வைக்கும்போது, நாளைக்கு நிஜமாகவே சர்க்கரை இருந்துவிட்டால், யாரும் எதுவும் செய்யாமல் தானாகவே இருந்துவிட்டால் என்று மறுபடியும் ஆரம்பித்தது. அவ்வளவு சொன்ன பிறகும் ஆரம்பித்தது. அரசி படியிறங்கப் பிடிமானத்துக்குக் கை நீட்டினாள். அந்தக் கையைத் தொட அவனுக்கு வெட்கமாக இருந்தது. பிடித்துக்கொண்டான்.